நான்காம் மேசை

கூட்டத்தை என் கடையில் வைக்கச் சொன்னது
என் தப்புதான்.
ஜூலை மாதம். கோத்தகிரியில் நாலு மணிக்கே
விளக்குப் போட்டாயிற்று.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இருபத்திரண்டு டீ சொன்னார் சங்கத் தலைவர்.
பொருள்: ஓட்டலுக்குள் புகைபிடிப்பது.
வாசித்து முடித்ததும், பழக்கதோஷம்,
சட்டைப்பையைத் தடவினார்.

"சட்டம் எப்பவோ வந்தாச்சு"
என்றார் மருந்துக்கடை ஜெயசிங்.
"ஊட்டிக்கு வந்திருக்கும்.
தொட்டபெட்டா தாண்டி இங்க வர
நாளாகும்" என்றான் உம்மர்.
சிரித்தார்கள். நானும்.
இருநூறு ரூபாய் அபராதச் சீட்டு ஒன்று
முருகன் படத்துக்குப் பின்னால்
போன வருஷத்திலிருந்து செருகிக் கிடக்கிறது.
யாரும் கேட்கவில்லை.

பச்சை இலை ஏஜெண்ட் ஹாலன் எழுந்தார்:
"இலை விலை விழுந்த அன்னைக்கு
மனுஷன் எங்க போய் உட்காருவான்?
வெளியே சாரல். குச்சி பத்த மாட்டேங்குது.
வீட்ல பிடிக்க முடியாது, பிள்ளைக இருக்கு.
இங்கயும் வேண்டாம்னா எப்படி?"
வீட்டில் ஏன் முடியாது என்று
அவரே சொன்னதை
அவர் உட்பட யாரும் கவனிக்கவில்லை.

பேக்கரி தாமஸ் சொன்னார்,
பிறந்தநாள் கேக்கை மோந்து பார்த்துவிட்டு
சாம்பல் வாடை என்று
ஒரு அம்மா திருப்பித் தந்துவிட்டுப் போனதை.
எழுதிய பெயரைச் சுரண்டிவிட்டு
துண்டு போட்டு விற்றாராம்.
யார் பெயர் என்று உம்மர் கேட்க
அதில் கொஞ்ச நேரம் போனது.

நடுவில் தட்டி வைக்கலாம் என்றது ஒரு குரல்.
புகைக்குத் தட்டி தெரியுமா என்றது இன்னொன்று.
அப்படியானால் ஜன்னலைத் திற.
திறந்தார்கள்.
எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தை விழுங்கிவிட்டு
நின்றிருந்த மேகம்
அழைக்காமலே உள்ளே வந்து
நான்காம் மேசையில் உட்கார்ந்தது.
"இதுக்கும் அபராதம் போடுங்கய்யா."
சிரிப்பு இருமலாகி அடங்கியது.
சமையல்கட்டுப் பக்கம் மட்டும்
அடங்கவில்லை.

நான் வாயே திறக்கவில்லை.
என் கல்லாவில் மூன்றில் ஒரு பங்கு
கண்ணாடி ஜாடியில் நிமிர்ந்து நிற்கும் சிகரெட்.
நான்காம் மேசைப் பலகையில்
பதினேழு சூட்டுத் தழும்பு. எண்ணியிருக்கிறேன்,
வியாபாரம் இல்லாத மதியங்களில்.

அடுத்த சுற்று டீக்குத் தூள் எடுத்த சவுந்தரவல்லி
டப்பாவைத் திறந்தபடி விட்டுவிட்டு
கிளாஸ் பொறுக்க வந்தாள்.
ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு துண்டு ஊறிக் கிடந்தது.
விரல் விட்டு எடுத்து
வாளியில் போட்டுக்கொண்டே வந்தாள்.
எனக்குக் கண்ணில் பட்டது டப்பா.
கத்திவிட்டேன்:
"மூடியைப் போடும்மா! புகை இறங்கினா
தூள் வீணாப் போயிடும்!"

இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.
சோப்புப் பக்கத்தில் வைத்தால் சோப்பு,
மண்ணெண்ணெய்ப் பக்கத்தில் வைத்தால் மண்ணெண்ணெய்,
தேயிலை எதையும் இழுத்துக்கொள்ளும்.
அவள் போய் இரண்டு மூடியையும் போட்டாள்.
அழுத்திப் போட்டாள்.
பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்து
மறுபடி இருமினாள்.

நோட்டெழுதிய செயலாளர்
பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தார்.
இதை எழுதுவதா?
ஜெயசிங் தரையைப் பார்த்தார்.
ஹாலன் பாதி சிகரெட்டை
எங்கே அணைப்பது என்று தெரியாமல்
ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டது.
டீக்காசு பாக்கி.

மறுநாள் காலை நான்காம் மேசையிலிருந்து
சாம்பல் சாசரை எடுத்துவிட்டேன்.
போர்டு எதுவும் மாட்டவில்லை.
ஹாலன் வந்தார், சாசரைத் தேடினார்,
என்னைப் பார்த்தார்.
நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேல் உயரத் தூக்கி.
கிளாஸோடு வாசலுக்குப் போனவர்
மூன்று குச்சி கிழித்தார்.
மூன்றையும் சாரல் தின்றது.

குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன்.
நனையாத தீப்பெட்டி ஒன்றும் கொடுத்தேன்.
அதற்கு இரண்டு ரூபாய்
வாங்கிக்கொண்டேன்.