மாற்று

தேவகோட்டை அடகுக் கடையில்
உரிமம் கேட்டுக் கறுத்துப்போன திரையைத்
துடைத்துவிட்டு உபுண்டு போட்டேன்.
எக்செல் எங்கே என்றாள் உமையாள்.
மாற்று இருக்கு என்றேன்.
எத்தனை மாற்று என்றாள்
பொன் உரைத்துப் பழகியவள்.

நாலு வருட வட்டிக் கணக்கை
லிப்ரே ஆபீஸில் ஓர் இழுப்பு.
கூட்டல் நின்றது. மேக்ரோ நிற்கவில்லை.
பெயர்களெல்லாம் குப்பை எழுத்து:
சிகப்பியின் காசுமாலை
யாருடையதோ ஆகிவிட்டது.

பழைய எழுத்துருவைத் தேடி ஏற்றினேன்,
வந்துவிட்டாள் சிகப்பி
தன் நாலரைப் பவுனோடு.

பிரிண்டர் மட்டும் வாய் திறக்கவில்லை.
பேட்டை வெயில் கல்லாப்பெட்டி வரை வந்துவிட்டது.
வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கண்ணாடியைக் கழற்றினாள்.
செம்பு சேராம நகை ஏது, இருக்கட்டும்.
ரசீதை இன்னைக்குக் கையால எழுதுறேன்.
அந்தப் பேனாவை எடு.