சரளைப் பெட்டி

தளபதியின் நடை நான்தான்.
வலது பூட்ஸின் அடியில் முந்நூறு கிராம் ஈயம் வைத்துத் தைத்து,
இடது காலைச் சற்றே இழுத்து,
நிலவறையில், சரளைப் பெட்டிக்குள்,
பதினோரு இரவு நடந்தேன்.
பதக்கங்கள் குலுங்குவது என் வீட்டுச் சாவிக்கொத்து.
அவர் ஆணையில் முறிகிற விலா எலும்பு
ரீகா மத்தியச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய செலரித் தண்டு.
பனியில் ஓடித் தப்புகிறவர்கள்
துணிப்பையில் உருளைக்கிழங்கு மாவு;
இரு கையாலும் பிசைய வேண்டும்,
என் மூச்சு ஒலிவாங்கியில் விழாமல்.

வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
கடிதம் வந்தது. பன்னிரண்டு வரி.
ஓர் எழுத்துப்பிழை இல்லை.
எந்தத் தியேட்டர், எத்தனை வாசல்,
எந்த வாசலில் தாழ்ப்பாள் மக்கர் செய்யும் என்பதுவரை.

வில்னிஸ் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.
தயாரிப்பாளர் வாங்கித் தந்த காப்பி, ஒருவரும் தொடவில்லை.
"தள்ளிவைக்கிறோம்" என்றார்.
எந்தத் தேதிக்கு என்று ஒளிப்பதிவாளர் கேட்டார்.
வில்னிஸ் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் தேதி எதுவும் இல்லை.

நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன்.
இன்று பன்னிரண்டு வரிக்குக் குனிந்தால்
நாளை அரை வரிக்குப் படுப்போம் என்றேன்.
ட்ராம் நிறுத்தத்தில் ஔஸ்மாவிடமும் அதையே கத்தினேன்.
அவள் தியேட்டரில் மேல்கோட்டு வாங்கி வைக்கிறவள்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"முந்நூறு கோட்டு, முந்நூறு எண்வில்லை.
என்ன வெடித்தாலும் சனம் முதலில்
கோட்டுக்குத்தான் ஓடிவரும், குளிர்நாட்டுப் புத்தி.
நான் அங்கே நிற்பேன்.
நீ நிலவறையில் செலரி முறித்துக்கொண்டிருப்பாய்.
தைரியம் உன்னுடையது, வாசல் என்னுடையது."

ஏழாம் எண் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.
என் வாயில் ஒரு பதில் இருந்தது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மார்ச்சில் இன்னொரு படத்துக்கு இன்னொரு கடிதம்.
தேனீ வளர்க்கும் ஒருத்தியின் மணவிலக்கு,
நடுவே ஒரு பாதிரியார் இரண்டு நிமிடம் பொய் சொல்கிறார்,
அவ்வளவுதான் கதை.
இந்த முறை நான்கே வரி.
வாசல் எண்ணிக்கைகூடத் தப்பு.
போதுமானதாக இருந்தது.

மூன்றாவது கடிதம் வரவில்லை.
எனக்கு வந்த அடுத்த திரைக்கதையில்
நாற்பதாம் பக்கத்துக்குப் பின் நாற்பத்துமூன்று.
இயக்குநரைக் கேட்டேன்.
"நானேதான் கிழித்தேன்" என்றாள்,
பாராட்டுக்குக் காத்திருப்பவள்போல.

நேற்று மாலை ஔஸ்மா படியிறங்கி வந்தாள்,
தோளில் பனியைத் தட்டியபடி.
"அந்தத் தளபதியைக் கேட்கலாமா?"
படம் அவர்கள் பெட்டகத்தில்.
ஒலி என் வன்வட்டில்;
ஒப்பந்தப்படி அழித்திருக்க வேண்டும்.
விளக்கை அணைத்தேன்.

ஈயக்கால். இழுபடும் கால். சாவிக்கொத்து.
கும்மிருட்டில் அவர் எங்களை நோக்கி வந்தார்,
எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போனார்.
ஔஸ்மா என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.
"நீதானே இது?"
"நான்தான்."
"தெரிந்தும் அடிவயிறு கலங்குகிறது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"தேதி முடிவானால் சொல்" என்றாள்.
"அன்றைக்கு வேலைக்கு வருவேன் என்று சொல்லவில்லை.
சொல், அவ்வளவுதான்."

படியேறிப் போனாள்.
ரப்பர் அடி, ஈரப் பனி,
நான்கு படிக்கு ஒருமுறை நிற்கிற முழங்கால்.
எந்தப் பெட்டியிலும் என்னால் செய்ய முடியாத நடை.
கை தன்னால் பதிவுப் பொத்தானுக்குப் போனது.
அமுக்கவில்லை.
மேலே கதவு சாத்தும்வரை
கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.