பயிற்சித்தாள்

ஒன்பதரைக்கு ஈசூனிலிருந்து பேருந்து வரும்.
அதற்குள் தரை கழுவ வேண்டும்.
நாற்றம் போகாது, போனதுபோல் இருந்தால் போதும் என்பார்
முதலாளி கோ.

லிம் சூ காங்கில் ஏழுக்குத்தான் விடியும்.
எங்களுக்கு நாலரைக்கே.
எட்டு எட்டாக மேடையேறி வருவார்கள்,
அவரவர் இடத்துக்கு அவரவர்.
மந்தை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
ஒருத்தி இடம் மாறி நின்றால்
கொட்டகையே சண்டைக்கு வரும்.

முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் பார்ப்பேன்.
திரிதிரியாக இருந்தால் மடிநோய்.
இன்று 214-க்கு, இடப்பக்கம்.
அந்தப் பால் சாக்கடைக்கு.
ஊசி போட்டால் அடுத்த சில நாள் பாலும் சாக்கடைக்கு.
கோ மனத்துக்குள் கணக்குப் போடுவார். நானும் போடுவேன்.
அவள் என் சட்டை விளிம்பைச் சப்பிக்கொண்டு நிற்பாள்.

முன்பு உட்லண்ட்ஸில் சில்லுத் தொழிற்சாலை,
பன்னிரண்டு வருடம்.
கீழே விழுந்த சில்லை மறுபடி எடுக்கமாட்டோம்.
இங்கே வந்த முதல் வாரம்
தரையில் சிந்திய புல்லை அள்ளித் தொட்டியில் போட்டேன்.
கப்பலேறி வந்த புல், என்னைவிட அதிகக் கடல் பார்த்தது.
மோந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.
அன்றைக்குத் தெரிந்தது,
இதுவும் சுத்த அறைதான்.

பிள்ளைகள் வந்தார்கள், கையில் பயிற்சித்தாள்.
சரியா, தவறா: ஆடு எதையும் தின்னும்.
நாற்பது பென்சில்கள் ‘சரி’ என்றன.
அந்த நேரம் பார்த்துத்தானா 214 கம்பிக்கு வெளியே தலையை நீட்டி
நூரிஸ்யாவின் தாளைப் பிடுங்க வேண்டும்!
“பார்த்தீர்களா?” ஆசிரியர் பெர்னிஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பொறுங்கள் என்றேன்.
அவளுக்குக் கை கிடையாது.
எதுவென்று உதட்டால்தான் தொட்டுப் பார்ப்பாள்.
மூன்று மெல்லு. நாலாவதில் துப்பிவிட்டாள்.
‘சரி’யை அழித்தது
ஒரே ஒரு பிள்ளை.

தாடி இருக்கே, ஆம்பளையா? இல்லை.
கொம்பு இல்லையே, அப்போ பொம்பளை? அதுவும் இல்லை,
இரண்டு பேருக்கும் முளைக்கும்.
முளைவிடும்போதே சுட்டுவிடுகிறோம் என்பதைச் சொல்லவில்லை.
குட்டி போட்டால்தான் பால் என்றதும்
எழுதிக்கொண்டவர் ஆசிரியர்தான்.

மழை பிடித்தது.
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.
ஓநாய்க்கு அழத் தெரிந்திருக்கலாம், ஆட்டைத் தெரியவில்லை.
முதல் துளிக்கே எல்லாரும் கூரைக்குள்.
நனைந்துகொண்டு நின்றவள் நான்,
குளம்பு சீவும் கத்தியைத் தேடி.

நூரிஸ்யா விடவில்லை.
“பெண் குட்டி பால் தரும். ஆண் குட்டி?”
ஆசிரியர் கண்ணாலேயே கெஞ்சினார்.
எனக்குப் பொய் வராமல் இல்லை.
அந்தச் சமயத்தில் வரவில்லை.

“இரண்டு பேரை வைத்துக்கொள்வோம்.
மற்றவர்கள் லாரியில் போவார்கள்.”
“எங்கே?”
“இறைச்சிக்கு.”
எண்ணைக் குறிப்பதும், கதவைச் சாத்துவதும்
நான்தான் என்றும் சொன்னேன். கேட்காமலே.

அவள் தலையாட்டினாள்.
“எங்கப்பா கேலாங் சிராயில் சூப் கம்பிங் விற்கிறார்.
எலும்புக்குள்ளே இருப்பதை உறிஞ்சணும், அதுதான் ருசி.”
“அதெல்லாம் வெளிநாட்டு ஆடும்மா”
என்று முந்திக்கொண்டார் பெர்னிஸ்,
அது ஒரு பதில் என்பதுபோல.

பேருந்து போனது.
மாலை மறுபடி மேடை.
214 தன் இடத்தில்.
வெந்நீர்த் துணியை மடியில் வைத்ததும்
உதைத்தாள், முழங்காலில், சரியாக.

ஆடு சாதுவானது என்று
ஒரு கேள்வி இருந்திருக்குமோ?
தொட்டியோரம் ஈரமாய்க் கிடந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன்.
அந்த வரி இருந்திருக்கக்கூடிய இடத்தில்
கீழ்ப்பல்லின் தடம் மட்டும்.
மேல்வாயில் அவளுக்கு
முன்பல் கிடையாது.