நாற்பது தீக்குச்சிகள்

மூன்றாம் வாரமே
ஃப்ரெசியா ஓயார்சூன் சொல்லிவிட்டார்:
உன் கைகளுக்கு அவசரம் அதிகம்.
சட்டையை அவர் தேடுமுன் நீ எடுத்து நீட்டுகிறாய்.
மூடியைத் திருகுமுன் திறந்து வைக்கிறாய்.
இங்கே கை கொடுக்கக் கூடாது,
கை வரும்வரை நிற்க வேண்டும்.

களப்பயிற்சிப் படிவத்தில்
அதற்கென்று ஒரு வரி உண்டு.
ஐந்துக்கு இரண்டு.

அன்றிலிருந்து என் கைகள் கோட்டுப் பைக்குள்.
இடது பையில் அறைச் சாவி.
வலது பையில் ஒரு புதினா மிட்டாய்;
அதன் தாளை மடித்து, பிரித்து, மடித்து
விரல்களை அடக்கினேன்.

வல்திவியாவில் ஜூன் மாதம்.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்கிறார்கள்.
மீன்சந்தைக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
நனைந்த மூட்டைகளைப் போல் கிடந்து கொட்டாவி விடும்.
அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை.
பேருந்து ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன்.

நொல்பெர்ட்டோ கத்ரிலெயோ. வயது நாற்பத்து நான்கு.
மர ஆலை.
வலக்கையில் மிச்சம் கட்டைவிரலும் சுண்டுவிரலும்.
நடுவில் மூன்று பேர் விடுப்பில் போயிருக்கிறார்கள்
என்பார், புதிதாக வரும் தாதியரிடம்.

விறகடுப்பு இல்லாத வீடு இந்த ஊரில் அரிது.
ஆகவே நானே தீர்மானித்தேன்:
இலக்கு ஒன்று, தீக்குச்சி உரசுதல்.
நள்ளிரவுவரை விழித்திருந்து
அந்தச் செயலைப் பதினொரு படிகளாகப் பிரித்தேன்.

புதிய பெட்டி, நாற்பது குச்சிகள்.
முதலாவது முறிந்தது.
இரண்டாவதும்.
ஐந்தாவது தாவிப்போய்
ஃப்ரெசியாவின் காலடியில் விழுந்தது.
அவர் குனியவில்லை. நானும்.
ஒன்பது. பதினான்கு.
பெட்டியை வயிற்றோடு அழுத்திப் பார்த்தார்,
முழங்காலுக்கிடையில் இடுக்கிப் பார்த்தார்,
நெற்றி வியர்த்தது, அந்தக் குளிரில்.
பைக்குள் மிட்டாய்த் தாள் கிழிந்து நூலானது.
இருபத்தாறில்
ஒரு கெட்ட வார்த்தை.
முப்பத்தொன்று
சீறியது.
பற்றியது.

அதை நகம் சுடும்வரை எரியவிட்டு, ஊதினார்.

'நல்லது' என்றார்.
'ஆனால் செஞ்ஞோரீத்தா,
என் வீட்டில் லைட்டர் இருக்கிறது.'

பதினொரு படிகளில்
எங்கும் இல்லை
அவரைக் கேட்பது என்ற படி.

கேட்டேன்.
ஞாயிறு மாலை, சாப்பாட்டு மேசையில் கரியோக்கா.
ஆளுக்குப் பன்னிரண்டு சீட்டு.
இந்தக் கையில் விசிறிபோல் நிற்காது,
கவிழ்த்துவைத்து ஒவ்வொன்றாய் எட்டிப் பார்க்கும் நேரத்துக்குள்
மைத்துனி ஓர்த்தென்சியா
எல்லாவற்றையும் படித்துவிடுகிறாள்.
'விரல் போனது போகட்டும்.
அவளிடம் தோற்பதுதான் ஆறவில்லை.'

பட்டறை அலமாரியில் ஒரு ரௌலி மரத்துண்டு கிடந்தது.
அதன் குறுக்கே ஒரு நீளப் பள்ளம் வேண்டும்,
சீட்டுகள் நிற்க.
கைரம்பத்தை எடுத்துக் கொடுக்க நினைத்தேன்.
கொடுக்கவில்லை.
ஆணியில் தொங்கிய அதை
அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
மழை கூரையில் தன் வேலையைச் செய்தது.
ஃப்ரெசியா பேனாவை மூடி வைத்தார்.

இடக்கையால்தான் எடுத்தார்.
இரண்டு இழுப்பு. கோணல்.
பிறகு என் பக்கம் திரும்பாமலே,
'பிடி.'

பைக்குள்ளிருந்து வெளியே வந்தன என் கைகள்.
மரத்தின் ஒரு முனை என்னிடம் அதிர்ந்தது.
மரத்தூள் என் மணிக்கட்டில், அவர் சட்டையில்,
படிவத்தின் மேல்.

எட்டாம் வாரம், கடைசி நாள்.
என்னோடு ஓர் ஆட்டம் ஆடினார்.
மரத்துண்டுக்குப் பின்னால்
ஒரு ஜோக்கர் கூடுதலாக நின்றதைப் பார்த்தேன்.
பார்க்காததுபோல் தோற்றேன்.
நுண்ணியக்கம், திட்டமிடல், சமூகப் பங்கேற்பு
எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன.
ஏமாற்றுவதற்கு இல்லை;
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்.

மாலையில் என் படிவம் வந்தது.
அந்த ஒரு வரிக்கு
ஐந்துக்கு நான்கு.
மிச்சம் ஒன்று எங்கே என்று கேட்டேன்.

'கிளம்பும்போது
அவருக்காகக் கதவைத் திறந்தாயே'
என்றார் ஃப்ரெசியா.