நாலாம் மெசின்

நாலு மெசினுக்கும் ஒருத்தி நான்.
முந்தி கதிரை இருந்தது. இப்ப நிக்கிறன்.
ஆஸ்பத்திரி வீதி வெயில் கண்ணாடிக் கதவோடை நிண்டுவிட,
உள்ளுக்கு, ஏசிக் குளிரில்,
ஆக்கள் தங்கட சாமானைத் தாங்களே
சிவப்பு வெளிச்சத்துக்குக் காட்டுகினம்.
டிக். டிக்.

இதரைக்கும் கதலிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது.
திரையில ஒரே படம், ஒரே மஞ்சள்.
கப்பல் பழச் சீப்போட வந்த கொக்குவில் மனிசி
"இது எங்கட பழமில்லையே" எண்டு
படத்தோட நியாயம் கதைச்சா.
அவவின்ர முருங்கைக்காய் தராசுக்கு வெளியால நீட்டிக்கொண்டு கிடந்தது.
முறிக்கச் சொன்னன்.
முறிக்கேல்லை.

ஒரு பெடியன் தங்கச்சியின்ர உள்ளங்கையைப் பிடிச்சுக் காட்டி,
"அக்கா, இவளுக்கு விலை வருகுதில்லை."

மெசினின்ர தமிழ் கொழும்பில பதிஞ்சது.
செய்தி வாசிக்கிற பிள்ளையின்ர குரல்,
மூச்சு விடாத பிள்ளை.

இண்டைக்கு மத்தியானம் நாலாவதில ஒருத்தர்.
கடை அட்டையைத் தட்ட, பேர் வந்தது:
ச. அருளம்பலம், புள்ளிகள் பதினெட்டு.
குத்தரிசி ரண்டு கிலோ, நுளம்புச் சுருள்,
சவுக்காரம், செத்தல் மிளகாய்.
ஒவ்வொண்டையும் ரண்டு கையாலயும் ஏந்திக் காட்டினார்.
பிறகு, கை ஓயட்டும் எண்டோ என்னவோ,
குடையைத் தட்டில வைச்சார்.

சிவப்பு.
"எதிர்பாராத பொருள் உள்ளது.
உதவியாளர் வரும்வரை காத்திருக்கவும்."

அவர் குடையை எடுக்கேல்லை.
ஒரு அடி பின்னுக்குப் போனார்.
சேட்டுப் பொக்கற்றில இருந்து அடையாள அட்டையை எடுத்து
கமராவுக்கு நேரே பிடிச்சார்.
மற்றக் கை
தன்ரபாட்டில பையின்ர வாயை விரிச்சு வைச்சிருந்தது.

ஒருத்தரும் கேக்கேல்லை.
பின்னால நிண்டவன் போனுக்குள்ள.

ஓடிப்போய் என்ர இலக்கத்தை அடிச்சன்.
"ஐயா, குடை மட்டுந்தான்."
"ஓம் பிள்ளை, குடை மட்டுந்தான்" எண்டார்,
என்னைப் பாத்து இல்லை, மெசினைப் பாத்து.

பச்சை.
பில் நீளமாய் வந்தது.
நாலாய் மடிச்சு
அடையாள அட்டையோட சேத்து வைச்சார்.
குடையை மறந்துபோட்டுப் போனார்;
வாசல் மட்டும் கலைச்சுக்கொண்டு போய்க் குடுத்தன்.

எட்டரைக்குப் பூட்டு.
பின்கதவடியில செக்கியூரிட்டி தயாபரனுக்கு
என்ர பையைத் திறக்கிறன்:
சாப்பாட்டுப் பெட்டி, சீப்பு, தலையிடிக் குளிசை.
அவன் ஒருநாளும் குனிஞ்சு பாக்கிறேல்லை.
எண்டாலும் காட்டிப்போட்டுத்தான்
ஸ்கூட்டியை எடுப்பன்.