நான்காம் அறை

செயின்ட் ஜான்ஸின் மார்ச் மாதத்து மூடுபனி
ஜன்னலோரம் வந்து நிற்கிறது.
கதவில் ஒட்டிய அட்டையை இரண்டு நிமிடம் வாசித்துவிட்டு
மணி அடித்ததும் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள்.

நான் டாக்டர் இல்லை.
முப்பத்தோராண்டு தீவுப் படகில் டிக்கெட் கிழித்தவன்.
ஊர்க்காரர் ஒருவரும் மதிப்பெண் போடட்டுமே என்று
மருத்துவக் கல்லூரி கூப்பிட்டது. மதியச் சாப்பாடு இலவசம்.

அட்டையில் இருப்பது இதுதான்:
தீவுக்கு ஒரே படகு. படகுக்கு ஒரே கேப்டன்.
அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது, ஒருமுறை, வீட்டில்.
"எழுதிவைக்காதீர்கள் டாக்டர்" என்கிறார்.
என்ன செய்வீர்கள்?

காலையிலிருந்து பதினோரு பேர்.
பதினோரு பேருக்கும் கை ஒன்றுதான்.
"ஒருபுறம் பார்த்தால்" என்று இடக்கை விரியும்,
"மறுபுறம்" என்று வலக்கை.
தன்னுரிமை, நன்மை, தீங்கின்மை, நீதி:
நான்கு கால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு
அதில் உட்காராமலே எழுந்து போகிறார்கள்.
நல்ல பிள்ளைகள். கண்ணாடி முன் பேசிப் பழகியவர்கள்.
ஏழு போட்டேன். ஆறரை போட இடமில்லை.

பன்னிரண்டாவதாகக் கெசையா ஸ்னூக்.
கோட்டின் கைப்பட்டன் ஒன்றைக் காணோம்.
உட்கார்ந்தாள். பேசவில்லை.
என் கடிகாரத்தில் இருபது விநாடி;
அந்த அறையில் அது ஒரு முழுக் குளிர்காலம்.

"தெரிந்ததை முதலில் சொல்கிறேன்" என்றாள்.
ஒரு வலிப்பு. ஒரு மனிதர். பயந்திருக்கிறார்.
தெரியாதது: ஏன் வந்தது, மறுபடி வருமா,
நாளைக் காலைப் படகில் எத்தனை பேர்.
"தெரியும்வரை அவர் சுக்கானைத் தொடக்கூடாது.
இது என் முடிவு. காரணத்தைப் பிறகு கேளுங்கள்."

பேனாவை நிமிர்த்திப் பிடித்தேன்.

அவரிடமே முதலில் சொல்வாளாம்,
எழுதப்போகிறேன், இன்னாருக்கு அனுப்பப்போகிறேன் என்று,
முகத்துக்கு நேரே.
அவரே தன் வாயால் சொல்ல ஒரு மதியம் அவகாசம்.
அதுவரை படகு கரையில்தான்.
"என்னை அவர் வெறுக்கலாம். அது அவர் உரிமை."

அடுத்த கேள்வி என் தாளில் அச்சடித்திருந்தது:
அவர் உங்கள் உறவினராக இருந்தால்?
வாசித்தேன். குரல் கரகரத்தது.

கேப்டன் ஆம்ப்ரோஸ் தன் கடைசி இரண்டு குளிர்காலம்
மிதவை விளக்கின் நிறத்தை
என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.
"சிவப்பா, வில்ஃப்?"
"சிவப்புதான், கேப்டன்."
நானூறு பயணம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததாலேயே அது சரியென்று ஆகிவிட்டது.
யாரும் அதை அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டவில்லை.
மணியும் அடிக்கவில்லை.

"உறவினர் என்றால் கை நடுங்கும்" என்றாள்.
"நடுங்கிக்கொண்டே எழுதுவேன்.
இல்லை, வேறொரு டாக்டரை எழுதச் சொல்வேன்.
இல்லை... இதை நான் யோசித்துக்கொண்டு வரவில்லை."

பிறகு தாளில் இல்லாத ஒன்றை
அவள் என்னைக் கேட்டாள்:
"அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு எப்படிப் போவார்?
தன் படகில்தானே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார்?"

மணி அடித்தது.
விதிப்படி நான் பதில் சொல்லக்கூடாது.
சொல்லவில்லை.
அதில் நான் பழகியவன்.

ஒன்பது போட்டேன். கருத்துக் கட்டத்தில்
"தெளிவு" என்று எழுதி
அதற்குமேல் எழுத வராமல் உட்கார்ந்திருக்கையில்
பதின்மூன்றாவது பையன் கதவைத் தள்ளுகிறான்,
இடக்கை
இப்போதே விரியத் தொடங்கிவிட்டது.