இரண்டு தொண்டை

பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி
இரட்டைக் காபரேட்டரும் அலுமினிய மெனிபோல்டும்
இரவு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
வெலிகந்தை தாண்டியதும் பக்கத்துச் சீற்றுப் பெண் கேட்டாள்:
"என்ன கா அது, தண்ணி மோட்டரா?"
ஓம் என்றேன்.
விளக்கி முடிப்பதற்குள் மட்டக்களப்பு வந்துவிடும்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மொரிஸ் மைனர்,
நிலுவைச் சம்பளத்தில் வாங்கியது.
உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் ஒரே வார்ப்பு அதற்கு,
ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல.
சத்திரசிகிச்சைக் கூடத்தில் பதினொரு வருடம் நிற்கிறவள்,
பிரிப்பதற்கு எனக்குப் பயமில்லை.
உவைஸ்தான் பயந்தான்.
"மிஸ்ஸி, ஸ்டட் முறிஞ்சா ஹெட்டையே கழட்டணும்."
முறிந்தது.
கழற்றினோம்.

ஒரே நட்டுத்தான் இரண்டையும் இறுக்க வேண்டும்.
புதிய விளிம்பு மெலிவு, புகைக்குழாய் விளிம்பு தடிப்பு.
இடையில் சிகரெட் பெட்டி மட்டையளவு வெளி,
அதற்குள் கல்லடிக் கடல்காற்று முழுவதும் போகும்.
வாஷரை அரத்தால் அராவினான்.
இரவுக் கடமை முடித்து நான் வந்தபோதும்
அராவிக்கொண்டிருந்தான்,
அல்லது மறுபடி தொடங்கியிருந்தான்.

ஸ்டார்ட் ஆனது. விக்கியது.
கொய்யாமரத்தில் கறுப்பாகத் துப்பியது.
மச்சான் மதிலால் எட்டிப் பார்த்தார்:
"கிழமைக்கு இருபது லீற்றர் தாறான்,
அதைக் குடிக்க ரெண்டு வாயா?"
நல்ல கேள்வி. பதில் என்னிடம் இருக்கவில்லை.

சிரிஞ்சில் மண்ணெண்ணெய் இழுத்து
மூட்டு மூட்டாகச் சொட்டுவிட்டேன்.
மூன்றாவது மூட்டில் இஞ்சின் குரல் மாறியது.
நோ அங்கேதான்.

மறுகா சமன் பார்க்க வேண்டும்.
கொழும்பில் அதற்கு மானி விற்கிறதாம்.
நான் ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து
ஒரு முனையைக் காதில் வைத்தேன்,
மறு முனையை முதல் தொண்டையில்.
ஸ்ஸ்ஸ்.
இரண்டாவதில், ஸ்ஸ்.
கால் திருகு. திரும்ப முதலாவது.

இந்த ஊரில் பிறந்து முப்பத்தெட்டு வருடம்.
பௌர்ணமிக்குப் பாலத்தடியில் தோணி நிறுத்தி,
துடுப்பைக் காதில் பொருத்தி
மீன் பாட்டுக் கேட்கிறவர்களை நான் நம்பினதில்லை.
ஒருதரம் நானும் வைத்துப் பார்த்தேன்,
தண்ணீர்தான் கேட்டது.
இன்று பொனட்டுக்குள் குனிந்து, கண்ணை மூடி,
எந்தத் தொண்டையில் குழாய் நிற்கிறது என்றே
தெரியாமல்போன நேரம்,
பேசாமல் கையை உயர்த்தினேன்.
உவைஸ் திருகாணியை விட்டான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம்.
மாரி பிஸ்கற்றின் நிறம்.

புதிய பாலத்தில் மூன்றாம் கியரில் மிதித்தேன்.
ஒரு ஓட்டோவை முந்தினோம்.
அவ்வளவுதான், ஒரு ஓட்டோ,
அதற்குள் ஏழு பேர் இருந்தார்கள்.
உவைஸ் டாஷ்போர்ட்டில் தட்டிச் சிரித்தான்.
"மிஸ்ஸி, இன்னொருக்கா?"
பெற்றோல் முள்ளைப் பார்த்தேன்.
அது எந்தக் காலத்திலும் உண்மை சொன்னதில்லை.
அரசடியில் திருப்பினேன்.